விசா 2033 வரை செல்லும். அக்டோபர் 17-க்குப் பிறகு தங்கலாமா?

கேள்வி: நான் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். நானும் என் மனைவியும் கடந்த ஏப்ரல் 18 அன்று நியூஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்தோம். எங்கள் பி-2 சுற்றுலா விசா 2033 வரை செல்லும். ஆனால் இங்கே தங்குவதற்கு அக்டோபர் 17 வரைதான் அனுமதி என்கிறார் மருமகன். மகளுக்கு அக்டோபர் கடைசி வாரத்தில் பிரசவம் என்று நாள் குறித்திருக்கிறார்கள். பொங்கலுக்கு ஊர் திரும்பினால் போதும் என்று நினைக்கிறோம். இங்குள்ள முகவர் ஒருவர், மெக்சிகோவுக்கு நான்கு நாள் போய்வந்தால் மறுபடியும் ஆறு மாதம் கிடைக்கும் என்கிறார். அது வேண்டாமென்றால் தாமே நீட்டிப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி ஆளுக்கு 1,500 டாலர் கேட்கிறார். நீட்டிப்புக்கு முடிவு வருவதற்குள் 17-ஆம் தேதி கடந்துவிட்டால் விசா ரத்தாகிவிடுமா? இனி நாங்கள் வரவே முடியாதா?

பதில்: உங்கள் அச்சத்துக்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 17-க்கு முன்பாக ஐ-539 என்ற நீட்டிப்பு விண்ணப்பம் முறையாகப் போய்ச் சேர்ந்திருந்தால், முடிவு வராமலேயே அந்தத் தேதி கடந்துபோனாலும், விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை நீங்கள் சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கியவர்களாகக் கருதப்பட மாட்டீர்கள். அந்தக் காரணத்துக்காக விசாவும் ரத்தாகாது. மாறாக, விண்ணப்பம் எதுவும் போடாமல் 18-ஆம் தேதி அங்கே இருந்தீர்களானால், அந்த ஒரு நாளுக்காகவே 2033 வரை செல்லும் விசா தானாகச் செல்லாததாகிவிடும். இதை யாரும் உங்களுக்குக் கடிதம் எழுதித் தெரிவிக்கப் போவதில்லை. சில ஆண்டுகள் கழித்துப் பேரக்குழந்தையைப் பார்க்க மறுபடி கிளம்பும்போதுதான் தெரியவரும்.

மருமகன் சொல்வது சரி. விசா என்பது அமெரிக்க விமான நிலையத்தின் குடிவரவு மேசை வரை வந்து நிற்பதற்கு உங்களுக்குக் கொடுக்கப்பட்ட அனுமதி, அவ்வளவுதான். எத்தனை நாள் தங்கலாம் என்பதை அந்த மேசைக்குப் பின்னால் இருக்கும் அதிகாரி முடிவு செய்கிறார். அவர் குறிக்கும் தேதி ஐ-94 என்ற பதிவில் ஏறுகிறது. முன்பெல்லாம் இதை ஒரு வெள்ளை அட்டையாகப் பாஸ்போர்ட்டிலேயே பிணைத்துக் கொடுப்பார்கள், பாஸ்போர்ட்டைப் புரட்டும் போதெல்லாம் கண்ணில் படும். விமானத்தில் வருவோருக்கு 2013-இல் அதை மின்பதிவாக மாற்றிவிட்டார்கள். துறைக்கு அது வசதி. எழுபது வயதுக்காரருக்கு, தாம் எந்த நாளில் வெளியேற வேண்டும் என்பதையே ஓர் இணையதளத்துக்குள் போய்த் தேட வேண்டிய நிலை. மகளிடம் சொல்லி உங்கள் இருவருடைய ஐ-94 பதிவையும் இன்றைக்கே தனித்தனியாக அச்சிட்டு வாங்கி, கையில் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். தம்பதியராக ஒன்றாக வரிசையில் நின்றிருந்தாலும் தேதி ஆளுக்கு ஆள் மாறலாம். ஒருவருடைய பாஸ்போர்ட் முன்னதாகக் காலாவதியாவதாக இருந்தால், அவருக்கு மட்டும் அந்தத் தேதியோடு நிறுத்தியிருக்கக்கூடும். இருவரில் யாருடைய தேதி முந்தியதோ அதுதான் உங்கள் இருவருக்கும் கடைசி நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த முகவரைப் பற்றி. நீட்டிப்பை ஒருவர் 'வாங்கித் தர' முடியாது. விண்ணப்பிக்க மட்டுமே முடியும். அதைக் கொடுப்பதும் மறுப்பதும் யு.எஸ்.சி.ஐ.எஸ். எனப்படும் குடிவரவுச் சேவைத் துறையின் அதிகாரி. அமெரிக்காவில் குடிவரவுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லி உங்கள் சார்பில் ஆஜராகும் உரிமை, உரிமம் பெற்ற வழக்கறிஞருக்கும், நீதித்துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிக்கும்தான் உண்டு. மற்றவர்கள் நீங்கள் சொல்வதைப் படிவத்தில் நிரப்பிக் கொடுக்கலாம். அப்படி நிரப்பினால் தயாரித்தவர் என்ற இடத்தில் தம் பெயரை எழுதிக் கையெழுத்திட வேண்டும். உங்கள் முகவரிடம், அந்த இடத்தில் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கட்டணத்தை விட எனக்குக் கவலை தருவது வேறு. இத்தகையவர்கள் விண்ணப்பத்துக்கான இணையக் கணக்கைத் தங்கள் மின்னஞ்சல் முகவரியில் திறந்துவிடுவார்கள். ரசீது அவர்களுக்குப் போகும். கூடுதல் ஆவணம் கேட்டுத் துறை அனுப்பும் அறிவிப்பும் அவர்களுக்கே போகும். அதற்கு மேலும் நூறு டாலர் கொடுத்தால்தான் அறிவிப்பு உங்கள் கண்ணுக்கு வரும். கெடு தாண்டிவிட்டால் விண்ணப்பம் மறுக்கப்படுவது உங்களுக்கு, அவருக்கல்ல. 'பிரீமியம்' கட்டணம் கட்டினால் பதினைந்து நாளில் முடிவு என்று சொல்பவரும் உண்டு. பி-2 நீட்டிப்புக்கு அப்படி ஒரு விரைவுச் சேவை கிடையாது. இவை அனைத்தையும் விட மோசமானது, காரணம் வலுவாக இருக்க வேண்டும் என்று சொல்லி, உங்கள் மனைவிக்கு இல்லாத நோய் ஒன்றைச் சேர்த்து எழுதுவது. படிவத்தின் அடியில் நீங்கள் இடும் கையெழுத்து, பொய் என்று தெரிந்தால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியின் கீழ் இடப்படுவது. வேண்டுமென்றே பொய்த் தகவல் கொடுத்து அனுமதி பெற முயன்றவர் அமெரிக்காவுக்குள் வர நிரந்தரத் தடை விழும். நாள் தாண்டித் தங்கியதற்கான தடைக்காவது ஆண்டுக்கணக்கு உண்டு; இதற்கு அதுவும் இல்லை.

மெக்சிகோ யோசனையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது முழுப் பொய்யாக இல்லாததால்தான் பலரும் விழுகிறார்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா உள்ள இந்தியருக்கு மெக்சிகோ செல்லத் தனி விசா தேவையில்லை. கனடாவுக்கோ தனி விசா வேண்டும். ஆகவே முகவர்கள் மெக்சிகோவையே சொல்வார்கள். போவது எளிது, திரும்பி வரும்போதுதான் சிக்கல். திரும்பி வருகையில் உங்கள் முன்னால் மூன்று விதமாக நடக்கலாம். அதிகாரி புதிதாக ஆறு மாதம் கொடுக்கலாம். முகவர் சொல்லும் கதைகள் எல்லாம் இப்படிக் கிடைத்தவர்களுடையவை. அல்லது பக்கத்து நாட்டுக்கு முப்பது நாளுக்குள் போய்வந்ததை அவர் வெளியேற்றமாகவே எண்ணாமல், பழைய ஐ-94 தேதியான அக்டோபர் 17-ஐயே தொடரச் செய்யலாம். அப்போது விமானச் செலவும் அலைச்சலும்தான் மிச்சம். மூன்றாவது, தங்கும் காலத்தைப் புதுப்பித்துக்கொள்வதற்காகவே எல்லை தாண்டி வந்திருக்கிறீர்கள் என்று அவர் முடிவுக்கு வந்து, உள்ளே விட மறுக்கலாம். இந்த வயதில், கையில் நான்கு நாள் துணி வைத்திருக்கும் சிறு பெட்டியோடு, மருந்துகள் எல்லாம் நியூஜெர்சி வீட்டில் இருக்க, விமான நிலைய அறை ஒன்றில் உட்கார்ந்திருக்கும் நிலையை நினைத்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு, அது நிலுவையில் இருக்கும்போதே எல்லை தாண்டிப் போய்வந்தால், நீங்கள் நீட்டிக்கச் சொன்ன பழைய தங்கல் அதோடு முடிந்துவிடுகிறது. விண்ணப்பத்துக்கு அர்த்தமில்லாமல் போகிறது. எனவே இரண்டு வழிகளையும் ஒன்றாக முயலும் யோசனையும் வேண்டாம். நயாகராவைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அமெரிக்கப் பக்கத்திலிருந்தே பாருங்கள். கனடாப் பக்கக் காட்சி அழகு என்று மருமகன் சொல்வார், சொல்லட்டும். ஏற்கனவே எப்போதாவது எல்லை தாண்டி வந்திருந்தால், திரும்பிய அன்றே ஐ-94 பதிவை மறுபடி எடுத்து, தேதி மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மாறியிருக்கும் என்று எண்ணிக்கொண்டு இருக்கக் கூடாது.

உங்களுக்கு நான் சொல்லும் வழி எளியது. மகளை உட்கார வைத்து, உங்கள் சொந்த மின்னஞ்சலில் கணக்கு திறந்து, இருவருக்கும் சேர்த்து ஐ-539 விண்ணப்பத்தைத் துறையின் இணையதளத்தில் நேரடியாகப் போடுங்கள். கட்டணம் அங்கேயே குறிக்கப்பட்டிருக்கும். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. கெடு தேதிக்கு 45 நாள் முன்பாக அனுப்பும்படி துறையே அறிவுறுத்துகிறது. உங்கள் கணக்குக்கு அது செப்டம்பர் 2. அதைத் தாண்டிவிட்டாலும் அக்டோபர் 17-க்குள் போய்ச் சேர்ந்தால் சட்டப்படி போதும், ஆனால் கடைசி நாளில் அட்டை வழியாகப் பணம் கட்ட முடியாமல் நிற்கும் அனுபவம் உங்களுக்கு வேண்டாம்.

விண்ணப்பத்தோடு ஒரு கடிதம் இணைக்க வேண்டும். நீட்டிப்பு ஏன் தேவை, இது ஏன் தற்காலிகமானது, எப்போது எப்படித் திரும்பப் போகிறீர்கள், ஊரில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்பவற்றை அதிகாரி அதில் தேடுவார். மகளின் பிரசவத்தின்போது உடனிருக்க விரும்புகிறோம் என்பதே உண்மையான காரணம், போதுமான காரணமும்கூட. மருத்துவர் குறித்த நாளுக்கான சான்றை இணையுங்கள். மகள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்ற பாணியில் எழுதினால், ஊதியமில்லாத வேலைக்கு ஆள் வைத்ததுபோல அது வாசிக்கப்படும். அது உங்கள் நோக்கமும் அல்லவே. ஆறு மாதம் வரை கேட்கலாம் என்பதற்காக முழுதையும் கேட்காதீர்கள். ஜனவரி இரண்டாம் வாரத்தில் திரும்பும் பயணச்சீட்டை எடுத்து, ஜனவரி 31 வரை என்று கேளுங்கள். பயணச்சீட்டின் நகல், ஓய்வூதிய ஆணை, ஊரில் வீடு இருப்பதற்கான வரி ரசீது, அங்கே தங்கும் செலவை ஏற்கும் மருமகனின் வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை இணைப்புகளாக இருந்தால், அதிகாரிக்குச் சந்தேகப்பட அதிகம் இருக்காது.

விண்ணப்பித்ததும் மூன்று எழுத்தும் பத்து இலக்கமும் கொண்ட ரசீது எண் வரும். அந்த ரசீதுதான் இனி உங்கள் காப்பு. முடிவு எப்போது வரும் என்று கேட்காதீர்கள். மூன்று மாதம் தங்கக் கேட்டவர் ஊர் திரும்பி, மாதங்கள் கழித்து அவருக்கு 'அனுமதிக்கப்பட்டது' என்று கடிதம் வருவது இந்தத் துறையில் புதுமையல்ல. முடிவு வருவதற்கு முன்பே நீங்கள் கிளம்பிவிட்டால், உரிய காலத்தில் விண்ணப்பித்தவர் என்ற முறையில், தாண்டித் தங்கிய குற்றம் உங்கள்மேல் விழாது. ஆகவே முடிவுக்காகக் காத்திருந்து ஜனவரிப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

இடையில் மறுப்பு வந்தால் என்ன செய்வது? உடனே கிளம்ப வேண்டும். மறுத்த நாளுக்கு அடுத்த நாளிலிருந்து சட்டப்புறம்பான நாட்கள் எண்ணப்படும். 180 நாளைத் தாண்டி, ஓராண்டுக்குள் வெளியேறினால் மூன்று ஆண்டுத் தடை, ஓராண்டோ அதற்கு மேலோ என்றால் பத்து ஆண்டுத் தடை. அவ்வளவு தூரம் போக மாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் மறுப்புக்குப் பிறகு அந்த விசா இனிச் செல்லாது என்றே கொண்டு, அடுத்த பயணத்துக்குப் புதிதாக விண்ணப்பிப்பதுதான் பாதுகாப்பு.

நவம்பரில் அங்கே இருக்கப் போவதால், உங்கள் உயிர்வாழ் சான்றையும் மறக்க வேண்டாம். கைப்பேசி வழியாக முக அடையாளம் கொடுத்து ஜீவன் பிரமாண் மூலம் அனுப்பலாம், முடியாவிட்டால் இந்தியத் தூதரக அலுவலகத்தில் சான்று வாங்கி அனுப்பலாம். பயணக் காப்பீட்டையும் தற்போதையது முடிவதற்கு முன்பே நீட்டிக்கச் சொல்லுங்கள்; முடிந்தபின் வாங்கினால் அது புதுக் காப்பீடு, இடையில் தொடங்கிய நோய் எல்லாம் அதன் கணக்கில் பழைய நோய்.

ஒருவேளை இவை எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்து அக்டோபர் 17 அன்றே கிளம்புவதானால், பயணச்சீட்டில் நேரத்தைக் கவனியுங்கள். 17-ஆம் தேதி இரவுப் பயணம் என்று நீங்கள் நினைத்திருப்பது, சீட்டில் 00.40 என்று அச்சாகியிருந்தால், அது 18-ஆம் தேதி. அப்படியானால் அதற்கு முந்தைய நாளுக்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

எப்போது திரும்பினாலும், அமெரிக்க விமான நிலையத்தில் நீங்கள் வெளியேறியதற்கு முத்திரை குத்த யாரும் இருக்க மாட்டார்கள். விமான நிறுவனம் அனுப்பும் தகவலை வைத்தே உங்கள் புறப்பாடு பதிவாகிறது, அது சில நேரம் விட்டுப்போகவும் செய்கிறது. அதனால் இருவருடைய போர்டிங் பாஸ்களையும் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். சென்னையில் இறங்கியதும் பாஸ்போர்ட்டில் குத்தப்படும் வருகை முத்திரையின் பக்கத்தை நகல் எடுத்து, ரசீதுடன் சேர்த்து ஒரு உறையில் போட்டு வையுங்கள். அடுத்த முறை போகும்போது அந்த உறை கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டால் பயனில்லை, குடிவரவு அதிகாரியைத் தாண்டிய பிறகுதான் பெட்டி கைக்கு வரும்.