செல்லப் பிராணிகள் கேள்வி – பதில்: நாய்க்கு ‘மர்மர்’ என்றால்?

கேள்வி: எங்கள் பொமரேனியனுக்கு 9 வயது. தடுப்பூசி போடப் போன இடத்தில், “இதயத்தில் மர்மர் கேட்கிறது, கிரேடு 3” என்றார் டாக்டர். இருமல் இல்லை, நன்றாக ஓடுகிறது. பக்கத்து வீட்டு நாய்க்குக் கொடுக்கும் நீர் மாத்திரையை இதற்கும் ஆரம்பிக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டவே வேண்டாம். மர்மர் நோயின் பெயரல்ல. ரத்தம் சுழித்து ஓடும்போது ‘லப்’புக்கும் ‘டப்’புக்கும் நடுவே கேட்கும் ‘உஸ்ஸ்’ சத்தம், அவ்வளவுதான். அது எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதைச் சொல்வதுதான் கிரேடு (1 முதல் 6 வரை). ஏன் சுழிக்கிறது என்பதே கேள்வி.

சத்தம் எங்கே பலமாகக் கேட்டது என்று டாக்டரிடம் விசாரியுங்கள். இடது முழங்கை மார்பைத் தொடும் இடம் என்றால், இந்த ரகத்தில் இந்த வயதில் பெரும்பாலும் மைட்ரல் வால்வுதான் (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள கதவு): தடித்துப்போய், சரியாக மூடாமல், ரத்தம் பின்னோக்கிக் கசியும். அதற்கு முன் ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலால் வந்த ரத்தசோகையாகவும் இருக்கலாம். ரத்தம் நீர்த்தாலே மர்மர் வரும். சோகை தீர்ந்ததும் போய்விடும். ஆகவே ரத்தப் பரிசோதனை முதலில். காய்ச்சலோடு புதிதாக மர்மர் முளைத்தால் வால்வில் கிருமித்தொற்றையும் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து எக்ஸ்ரே, எக்கோ (இதயத்தின் ஸ்கேன்). இடது மேலறை, பக்கத்திலுள்ள மகாதமனியைப் போல் 1.6 மடங்கோ அதற்கு மேலோ விரிந்து, இடது கீழறையும் பெருத்து, எக்ஸ்ரேயில் இதயத்தின் நீளமும் அகலமும் சேர்ந்து 10.5 முதுகெலும்புக் கணுக்களின் நீளத்தைத் தாண்டியிருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் பிமோபென்டான் என்ற இதய மருந்தைத் தொடங்குவார்கள். விரியவில்லையா? மருந்து தேவையில்லை, வருடத்துக்கொரு எக்கோ போதும். நீர் மாத்திரை நுரையீரலில் நீர் கோத்த பிறகுதான். முன்கூட்டிக் கொடுத்தால் உடம்பு வறண்டு சிறுநீரகம் சிரமப்படும்.

வீட்டில் ஒரு வேலை: நாய் அயர்ந்து தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒன்றாக வைத்து, ஒரு நிமிடம் எண்ணி, தேதியோடு குறித்து வையுங்கள். நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது கணக்கில் சேராது. 30-க்கு மேல் போனால் சற்றுப் பொறுத்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் குறையாவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: பத்து வாரக் குட்டிக்கும் மர்மராம். பயப்பட வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கிரேடு 1, 2 என்று மெல்லியதாக இருந்தால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் மறைந்துவிடும். ஒவ்வொரு தடுப்பூசியின்போதும் கேட்கச் சொல்லுங்கள். ஆனால் இடைவெளியே இல்லாமல் மோட்டார் ஓடுவதுபோல் இரைந்தால், பிறந்ததும் மூடியிருக்க வேண்டிய ரத்தக்குழாய் திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம். இதை இடது அக்குள் உயரத்தில் ஸ்டெத் வைத்தால்தான் தெளிவாகக் கேட்க முடியும். கீழே மட்டும் வைத்தால் தப்பிவிடும். இதற்கு ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது. உடனே எக்கோ எடுத்து, இதயம் வீங்குவதற்குள் குழாயை அடைத்துவிட்டால் பெரும்பாலான குட்டிகள் மற்ற நாய்களைப் போலவே வளரும்.