நான்கு வருட நர்சிங் படிப்பு வீண்போகவில்லை, அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்தில் நடந்த வேலை வழிகாட்டி முகாமில் உங்கள் கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். பின்னால் வரிசை நீண்டிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் மனம் ஆறவில்லை. பி.எஸ்சி. நர்சிங் முடித்து எட்டு மாதம் வார்டில் வேலை பார்த்த பிள்ளை, "இனி கம்ப்யூட்டரில் நோயாளிப் பதிவேடு பார்க்கும் வேலைக்குத்தான் போவேன்" என்று நிற்கிறாள். ரப்பர் பால் வெட்டிச் சேர்த்த பணமும் வங்கிக் கடனுமாகப் படிக்கவைத்தது போய்விட்டதே என்று நீங்கள் கண்கலங்கினீர்கள். கையில் ஒரு நோட்டீஸ் வைத்திருந்தீர்கள். மெடிக்கல் கோடிங் (நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீட்டு எண் போடும் வேலை), மூன்று மாதப் பயிற்சி, 65,000 ரூபாய், வேலைக்கு உத்தரவாதம்.

பெரிய கவலையை முதலில் தீர்த்துவிடுகிறேன். படிப்பு எங்கும் போகவில்லை. அவள் போக நினைக்கும் வேலைக்கு அதுதான் மூலதனம். அந்த 65,000 ரூபாயை மட்டும் இப்போதைக்கு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

மருத்துவப் பதிவேடு என்றால் என்ன என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. களியக்காவிளையில் திருவனந்தபுரம் பஸ் ஏறுகிறவர்களைப் பாருங்கள். ஜவுளிக்கடைப் பையில் எக்ஸ்ரே, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் திணித்து மடியில் அணைத்தபடி போவார்கள். ஆசாரிப்பள்ளத்தில் ஒரு ஃபைல், நெய்யூரில் ஒரு ஃபைல், எல்லை தாண்டினால் இன்னொரு ஃபைல். என் அப்பாவுக்கு சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது. பழைய கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே அதைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். ஒருநாள் இரவு கடும் காய்ச்சலில் அவரைத் தூக்கிக்கொண்டு வேறொரு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, பதற்றத்தில் தவறான கவரை எடுத்துப் போய்விட்டோம். அங்கே யாரும் கேட்கவில்லை, சொல்ல எங்களுக்கும் தோன்றவில்லை. விடிந்தபோது உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து, உதடு வீங்கிக் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். அந்தச் சிவப்பு எழுத்து அவர் போகும் இடமெல்லாம் கூடவே போயிருக்க வேண்டும். உங்கள் மகள் தேர்ந்தெடுக்கும் துறை இதற்காகத்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். ஆகாது. சவூதியிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் அங்கே எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டுகிறார் என்று வையுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 11.2 என்று அச்சாகியிருக்கிறது. இங்கே 100, 120 என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது புள்ளி தவறி விழுந்த 112 போலத் தெரியும். கொஞ்சம் கூடுதல், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடத் தோன்றும். உண்மையில் அது லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்ற கணக்கு. நம் லேப்கள் தருவது 100 மில்லிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. 18-ஆல் பெருக்கினால் 202 வருகிறது. அது உடனே கவனிக்க வேண்டிய சர்க்கரை.

இந்தக் குழப்பம் வராமலிருக்கத்தான் உலகம் முழுவதற்கும் பொதுவான குறியீடுகள் வைத்திருக்கிறார்கள். பரிசோதனைகளுக்கான தொகுப்பின் பெயர் லாயிங்க். அதில் வெறும் வயிற்றுச் சர்க்கரை மில்லிகிராமில் என்றால் 1558-6, மில்லிமோலில் என்றால் 14771-0. எண்ணைப் பார்த்தவுடன் இயந்திரத்துக்கு வேறுபாடு தெரிந்துவிடும். நோயின் பெயருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. இருக்கிறது. நோய்க்குறி, ஒவ்வாமை, சிகிச்சை என்று மருத்துவர் எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஸ்னோமெட் சிடி. ஸ்கேன் படங்களுக்கு டைகாம். இவை அனைத்தையும் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு எந்த வடிவத்தில் அனுப்ப வேண்டும் என்பதற்கு ஃபயர் (FHIR) என்ற ஒழுங்குமுறை.

இதில் நர்ஸுக்கு என்ன வேலை என்கிறீர்களா? நோயாளி "இளைப்பு" என்கிறார். அது மாடி ஏறும்போது வாங்கும் மூச்சா, நெஞ்சில் விசில் சத்தத்தோடு வரும் இழுப்பா, படுத்தால் மட்டும் வரும் மூச்சுத்திணறலா? மூன்றுக்கும் மூன்று தனிக் குறியீடு. மென்பொருள் எழுதும் என்ஜினீயருக்கு இந்த வேறுபாடு தெரியாது. கட்டிலருகே நின்று எட்டு மாதம் கேட்டவளுக்குத் தெரியும். அவளுடைய மதிப்பு இங்கேதான்.

நம் நாட்டில் இதற்கு விதிகள் இல்லாமல் இல்லை. மின்னணு சுகாதாரப் பதிவேட்டுத் தரநிலைகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2013-இல் முதலில் அறிவித்தது, 2016-இல் திருத்தியது. 2014-இல் இந்தியா ஸ்னோமெட் அமைப்பில் உறுப்பு நாடானது. அதனால் இங்குள்ளவர்கள் அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அந்தத் தரநிலைகளில் என் மனத்துக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. பதிவேட்டில் இருக்கும் விவரம் நோயாளிக்குச் சொந்தம். ஆஸ்பத்திரி அதை அவர் சார்பில் பாதுகாத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேட்டைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்கின்றன. எத்தனை பேருக்கு இது தெரியும்? உங்கள் மகள் இதை நடைமுறைப்படுத்தும் நாற்காலியில் உட்காரப்போகிறாள்.

2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் ஆபா என்ற 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண் தருகிறது. பதிவுகள் உருவான இடத்திலேயே இருக்கும். நோயாளி சம்மதித்தால் மட்டுமே இன்னொரு மருத்துவர் பார்க்க முடியும். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆஸ்பத்திரிகள் இனி இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. நோயாளியையும் புரிந்து, விதியையும் படித்தவர்களை அவர்கள் தேடித்தான் ஆக வேண்டும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்கு இதில் தனி மகிழ்ச்சி. 2024 ஜனவரியில் ஐ.சி.டி.யின் 11-ஆம் பதிப்பில் சித்த மருத்துவத்தின் நோய்ப்பெயர்களுக்கும் குறியீடு வந்தது. முன்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி வைத்திருக்கும் மாவட்டம் நம்முடையது. வாதமும் பித்தமும் தெரிந்து, குறியீடும் தெரிந்த பிள்ளைகள் இங்கிருந்துதான் வர வேண்டும்.

இனி அந்த நோட்டீஸ். அவர்கள் சொல்லும் மெடிக்கல் கோடிங் பெரும்பாலும் அமெரிக்கக் காப்பீட்டு பில்லுக்கான வேலை. அமெரிக்க மருத்துவரின் குறிப்பைப் படித்து, அந்நாட்டுக்கென்று மாற்றிய ஐ.சி.டி. பதிப்பிலிருந்தும் சிகிச்சைக் குறியீட்டுப் புத்தகத்திலிருந்தும் எண்களைப் பொருத்துவது. நேர்மையான வேலைதான், சென்னையில் ஆயிரக்கணக்கானோர் செய்கிறார்கள். ஆனால் மகள் ஆசைப்படுவது அதுவா என்று அவளிடமே கேளுங்கள். அதுதான் என்றாலும், அதற்கான சி.பி.சி. என்ற சான்றிதழ் தேர்வுக்கு அவளே விண்ணப்பிக்கலாம். 100 கேள்விகள், நான்கு மணி நேரம், குறியீட்டுப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். உடற்கூறியல் படித்த நர்ஸுக்கு அது மலை இல்லை. "உத்தரவாதம்" என்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: வேலை தரப்போவது எந்தக் கம்பெனி, கிடைக்காவிட்டால் பணம் திரும்பும் என்று முத்திரைத்தாளில் எழுதித் தருவீர்களா? பதிலில் வழுக்கல் தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில் ஆணையச் சட்டம் சுகாதாரத் தகவல் மேலாண்மையைப் பத்துத் தொழில் பிரிவுகளில் ஒன்றாக அங்கீகரித்திருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி துணை மருத்துவத் தொழிலர் என்றால் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும். மூன்று மாத வகுப்பில் அது எங்கே வரும்?

மகள் உடனே வேலையை விட வேண்டாம். வார்டிலிருந்து மருத்துவப் பதிவேட்டுப் பிரிவுக்கோ தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கோ மாற்றம் கேட்கட்டும். தரச்சான்று வாங்க முயலும் ஆஸ்பத்திரிகளில் கேஸ் ஷீட் தணிக்கைக்கு நர்ஸ்கள் தேவைப்படுகிறார்கள். சம்பளம் தொடக்கத்தில் ஏறாது. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. மாலையில் ஒரு மணி நேரம் படிக்கட்டும். மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கில், புனேயில் இயங்கும் பதிவேட்டுத் தரநிலைகளுக்கான தேசிய வள மையம் நம் நாட்டுக்கான ஃபயர் வழிகாட்டியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. லாயிங்க், ஐ.சி.டி. 11 இரண்டையும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். எக்செல் நன்றாக வர வேண்டும், அதன் பிறகு தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்கும் மொழியான எஸ்.கியூ.எல். ஆறு மாதம் போகட்டும், கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் ஆஸ்பத்திரி மென்பொருள் செய்யும் கம்பெனிகளின் விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கலாம். நாகர்கோவிலிலிருந்து ரயிலில் போய்வரும் தூரம்தான், கடல் தாண்ட வேண்டியதில்லை. நர்சிங் கவுன்சில் பதிவை மட்டும் எக்காரணம் கொண்டும் காலாவதியாக விடக்கூடாது. அரசு நர்ஸ் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிப்பு விட்டால் அதற்கும் எழுதட்டும். ஒரு கதவைத் திறக்க இன்னொன்றை அடைக்க வேண்டியதில்லை.

வரும் சனிக்கிழமை மாலை பிள்ளையை அழைத்துக்கொண்டு தக்கலையில் என் அலுவலகத்துக்கு வாருங்கள். வருமுன் அவள் ஒரு வேலை செய்து வர வேண்டும். கற்பனையான ஒரு நோயாளி. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சல்ஃபா ஒவ்வாமை மூன்றும் உள்ளவர். அவருக்கு ஒரு பக்கத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதட்டும். வார்டில் பார்த்த யாருடைய பெயரும் விவரமும் அதில் இருக்கக்கூடாது. அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் குறியீடு தேடியபடி மூவரும் பேசுவோம்.