ரிப்ஸ் வறண்டு போகிறதா? முதலில் மூடியைத் திறப்பதை நிறுத்துங்கள்

கேள்வி: மூடி போட்ட கரி அடுப்பில் பன்றி ரிப்ஸை (விலாக்கறியை) மூன்று மணி நேரம் புகையில் வைக்கிறேன். தண்ணீர்த் தட்டும் உண்டு, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரும் தெளிக்கிறேன். அப்படியும் கறி வறண்டு, கடிக்க முடியவில்லை. சூடும் ஏறி இறங்குகிறது. என்ன செய்வது?

பதில்: சூடு ஏறி இறங்கக் காரணமே அந்தத் தெளிப்புதான். மூடியைத் திறந்ததும் சூடு வெளியேறுகிறது, புதுக் காற்று பாய்ந்து கரி கனன்று எழுகிறது, மூடினால் முன்பைவிட எகிறுகிறது, உடனே நீங்கள் அடுப்பின் காற்றுத் துளையை அடைக்கிறீர்கள், தணல் மங்குகிறது. முதல் இரண்டு மணி நேரம் திறக்கவே வேண்டாம்.

அப்புறம், உங்கள் கறி வறண்டதைவிட வேகாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். விலாவில் இருக்கும் கொலாஜன் என்ற கடினமான புரதம், வழவழப்பான ஜெலட்டினாகக் கரைந்தால்தான் கறி வாயில் ஈரமாகத் தெரியும். உட்சூடு 90 முதல் 95 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதுதான் அது நன்றாக நெகிழும். 110–120 டிகிரி அடுப்பில் இதற்கு ஐந்தாறு மணி நேரம்கூட ஆகும், மூன்று போதாது.

தண்ணீர்த் தட்டு கறிக்குள் ஈரத்தை ஏற்றாது. சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும், மேற்பரப்பு சீக்கிரம் காயாமல் காக்கும், ஈரமான மேற்பரப்பில் புகையும் நன்றாகப் பிடிக்கும். வெந்நீராகவே ஊற்றுங்கள், பச்சைத் தண்ணீரைச் சூடாக்கியே பாதிக் கரி போய்விடும்.

மேல் துளை முழுக்கத் திறந்தே இருக்கட்டும், அடைத்தால் புகை தேங்கிக் கறி கசக்கும். சூட்டைக் கீழ்த் துளையால் மட்டும் ஆளுங்கள்: பற்றாத கரிக் குவியலின் மேல் கொஞ்சம் கனிந்த கரியைப் போட்டுத் தொடங்கி, 100 டிகிரி வரும்போதே துளையைக் குறைக்க ஆரம்பியுங்கள். ஒவ்வொரு முறை திருகியபின்னும் கால் மணி நேரம் பொறுங்கள். எகிறிய சூட்டை இறக்குவது பெரும்பாடு. சாம்பல் கீழ்த் துளையை அடைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மூடியில் இருக்கும் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள், கறி இருக்கும் கம்பி மட்டத்தில் ஒன்று வையுங்கள்.

உட்சூடு 65–75 டிகிரியில் சில சமயம் நகராமல் நிற்கும், பயப்படாதீர்கள், கறியிலிருந்து ஆவியாகும் ஈரம் அதைக் குளிர்விக்கிறது. பொறுமை இல்லையென்றால் நிறம் பிடித்தபின் ஃபாயிலில் இறுக்கமாகச் சுற்றுங்கள், சீக்கிரம் வேகும், ஆனால் மேற்புறத்தின் மொறுமொறுப்பு போய்விடும். எனக்குச் சுற்றாததுதான் பிடிக்கும்.

வெந்ததா என்று பார்க்க, ஒரு முனையை இடுக்கியால் பிடித்துத் தூக்குங்கள். நன்றாக வளைந்து, மேலே லேசாக வெடிப்பு விட்டால் இறக்கலாம்.