ஐந்தாண்டு தாண்டிப் பிழைப்பவர்கள் ஜப்பானில் 33 சதவீதம், நம்மிடம் ஏன் இல்லை? நுரையீரல் புற்றுநோய் கேள்வி பதில்

நான் காரைக்குடியில் ஓய்வுபெற்ற நெஞ்சக மருத்துவன். நுரையீரல் புற்றுநோய் பற்றி எதையும் கேளுங்கள். எக்ஸ்ரே படத்தைப் போனில் எடுத்து அனுப்பி 'இது அதுவா?' என்று மட்டும் கேட்காதீர்கள்.

தேவகோட்டை: உலகக் கணக்கில் இது எத்தனையாவது இடம் ஐயா?

முதல் இடம். 2022-இல் சுமார் 25 லட்சம் பேருக்குப் புதிதாக வந்தது, 18 லட்சம் பேர் இறந்தார்கள். இந்தியாவில் புதிதாக 81 ஆயிரம், இறப்பு 75 ஆயிரம். இரண்டு எண்ணும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள்.

கோலாலம்பூர் (பூர்வீகம் கண்டனூர்): ஜப்பானில் ஐந்தாண்டு தாண்டிப் பிழைப்பவர்கள் அதிகம் என்கிறார்களே, அங்கே மருந்து உயர்ந்ததா?

2010-14-இல் கண்டறியப்பட்டவர்களில் ஜப்பானில் 33 சதவீதம். பல நாடுகளில் 10 முதல் 20, இந்தியாவில் 10-க்கும் கீழே. மருந்தைவிடக் கண்டுபிடிக்கும் நேரம்தான் பெரிய காரணம். கட்டி நுரையீரலுக்குள்ளேயே இருக்கும்போது பிடித்தால் அறுவை செய்யலாம், பாதிக்கு மேற்பட்டவர்கள் ஐந்தாண்டு தாண்டுவார்கள். எலும்புக்கும் மூளைக்கும் பரவிய பிறகு அது பத்தில் ஒருவர் அளவுக்குச் சுருங்கிவிடும். நம் ஊரில் பெரும்பாலோர் வருவது அப்போதுதான். இன்னொன்று, இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: இருமல், எடை குறைவு, எக்ஸ்ரேயில் ஒரு நிழல் என்றதும் சளியைச் சோதிக்காமலே காசநோய் மாத்திரையைத் தொடங்கி மாதக்கணக்கில் ஓட்டுவது. சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். அதில் கிருமி இல்லை, மாத்திரைக்கும் நிழல் கரையவில்லை என்றால் சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பள்ளத்தூர்: ஐயா, மறுக்கிறேன். சாகிற நாள் மாறாமல், நோயை இரண்டு வருடம் முன்னதாகக் கண்டுபிடித்தாலே 'ஐந்தாண்டு பிழைத்தார்' கணக்கு கூடிவிடுமே? ஜப்பான் எண் வெறும் கடிகார வித்தைதானே?

சபாஷ் தம்பி, சரியான இடத்தில் பிடித்தீர்கள். அமெரிக்காவில் மேயோ கிளினிக் என்ற மருத்துவமனை எழுபதுகளில் புகைக்கும் ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அடிக்கடி எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்தது. அந்தக் குழுவில் நோய் வந்தவர்களின் ஐந்தாண்டுக் கணக்கு மற்றதைவிட ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் இறப்பு விகிதம் குறையவே இல்லை! அதனால்தான் இறப்பை எண்ண வேண்டும் என்கிறோம்.

பள்ளத்தூர்: அப்படியானால் முன்கூட்டிச் சோதிப்பதே வீண்தானே?

அவசரப்படாதீர்கள். 2011-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், நிறையப் புகைத்த 53 ஆயிரம் பேரில் பாதிப் பேருக்குக் குறைந்த கதிர் சிடி, மீதிப் பேருக்கு எக்ஸ்ரே, வருடம் ஒன்றாக மூன்று முறை எடுத்தார்கள். சிடி குழுவில் நுரையீரல் புற்று இறப்பே 20 சதவீதம் குறைந்தது. இது கடிகார வித்தை இல்லை, ஆள் பிழைத்த கணக்கு. நாடுகளை ஒப்பிடும்போது ஜப்பானின் 33-இல் கொஞ்சம் உங்கள் வித்தையும் கலந்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன். முழுவதும் அதுதான் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

காரைக்குடி ஆச்சி ஒருவர்: நான் பீடி, சிகரெட் தொட்டதில்லை. பலகாரத்துக்கு வருடக்கணக்கில் விறகு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறேன். எனக்கும் வருமா?

நல்ல கேள்வி ஆச்சி. விறகுப் புகையையும், அதிகச் சூட்டில் பொரிக்கும் எண்ணெய்ப் புகையையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 'அநேகமாகப் புற்று உண்டாக்கும்' வகையில் வைத்திருக்கிறது. புகையிலை அளவுக்கு இல்லை, பயந்து தொழிலை விட வேண்டாம். அடுப்பை வளவின் திறந்த பக்கம் மாற்றுங்கள், எண்ணெய் புகையும் வரை காய விடாதீர்கள். புகைக்காத பெண்களுக்கு வரும் இந்தப் புற்றில் ஈஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் அடிக்கடி இருக்கும். அதற்குத் தனி மாத்திரை உண்டு. அதனால் நோய் உறுதியானால் மரபணுச் சோதனை இல்லாமல் கீமோ தொடங்க விடாதீர்கள்.

கானாடுகாத்தான்: வருடா வருடம் எக்ஸ்ரே எடுத்தால் போதாதா?

மேலே பள்ளத்தூர்த் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

புதுவயல்: எக்ஸ்ரே சுத்தம் என்றால் நிம்மதியாக இருக்கலாமா?

மேலே படியுங்கள்.

கோட்டையூர்: இதயப் படபடப்புக்கு...

இதய மருத்துவரிடம் போங்கள்.

திருப்பத்தூர்: அண்ணனுக்கு வயது 60, நாற்பது வருடப் பீடி. இனி விட்டு என்ன பயன்?

பயன் உண்டு. விட்ட பத்து வருடத்தில் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவரின் பாதியளவுக்கு இறங்கும். புகையிலைப் பழக்கத்தை நிறுத்த உதவும் இலவச எண் 1800-11-2356, இன்றே பேசச் சொல்லுங்கள். இருமலில் ரத்தம் இருந்தால் அதற்கு முன் ஆஸ்பத்திரி.