கணிப்பு தப்பினால் மக்கள் பொய் சொன்னார்கள் என்று அர்த்தமா?

"கேட்டால் ஒரு கட்சி, போடுவது வேறு கட்சி. இந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கவே முடியாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒரு தேர்தல் முடிவு உங்களைக் கடுப்பேற்றியிருக்க வேண்டும். முடியும், ஆனால் செலவாகும்.

எதிரில் இருப்பவர் தன்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்று சொல்லும் பதில் எல்லாக் கேள்விக்கும் வராது. இன வெறுப்பு, ஓட்டுக்குப் பணம் வாங்கியது போன்றவற்றில் வரும். அதைவிடச் சாதாரணமானது, ஓட்டே போடாமல் போட்டேன் என்பது. "போகலாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை" என்பதையும் ஒரு விடையாகக் கொடுத்தால் இது கொஞ்சம் குறையும்.

கூச்சமான விஷயத்துக்குப் பட்டியல் முறை. ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு குழுவுக்கு 4 சாதாரண வாக்கியங்கள், மற்றதற்கு அதே 4 உடன் அந்த வில்லங்கமான ஒன்று. எவை என்று கேட்காதீர்கள், எத்தனை பொருந்தும் என்று மட்டும் கேளுங்கள். சராசரி 1.8, 2.1 என்று வந்தால் வித்தியாசம் 0.3, அதாவது 30 சதவீதம். எல்லோரும் ஆமாம் சொல்லும் வாக்கியங்களாக அந்த நான்கும் அமைந்தால் காரியம் கெட்டது. 5 என்று சொன்னாலே குட்டு உடைந்துவிடும், அதனால் 4 என்பார்கள். ஒன்றுக்கு ஆமாம் சொல்பவர் இன்னொன்றுக்கு இல்லை சொல்லும்படி இரண்டைச் சேர்க்க வேண்டும். குழுவுக்கு 500 பேர் வைத்தாலும் பிழை வரம்பு, அதாவது விடை இரு பக்கமும் தள்ளிப்போகக்கூடிய அளவு, சுமார் 12 சதவீதப் புள்ளி. அதே 1000 பேரிடம் நேராகக் கேட்டால் 3 புள்ளிதான். அதனால்தான் அவசரக் கணிப்புகளில் இதைத் தொடமாட்டார்கள்.

கணிப்பு நடத்துபவர்களைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம், ஆனால் கூச்சம் அவர்களுக்கு வசதியான சாக்காகிவிட்டது. 1992 பிரிட்டன் தேர்தலில் இரு கட்சிகளும் ஏறக்குறைய சமம் என்றன கணிப்புகள். கன்சர்வேட்டிவ் கட்சி 7 புள்ளிக்கு மேல் முந்தியது. டோரி என்பது கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்களின் செல்லப்பெயர்; ஆதரவை வெளியே சொல்லக் கூசுபவர் என்ற பொருளில் 'கூச்ச டோரி' என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது. 2015இல் மறுபடி தப்பியபோது அதே பேச்சு கிளம்பியது. கணிப்புகள் ஏன் தப்பின என்று ஆராய்ந்த விசாரணைக் குழுவோ, கேட்கத் தேர்ந்தெடுத்த ஆட்களில் எதிர்க்கட்சியான லேபரின் ஆதரவாளர்கள் அதிகமாக இருந்ததே முக்கியக் காரணம் என்றது. ஆள் பிடித்ததில் கோளாறு, பழி பதில் சொன்னவன் தலையில்!

சோதிக்க ஒரு வழி: வீட்டுக்குப் போய்ச் சந்திப்பவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரிடம் வாயால் கேளுங்கள், மீதிப் பேரிடம் மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து மூடிய பெட்டியில் போடச் சொல்லுங்கள். இரண்டிலும் ஒரே கணக்கு வந்தால் கூச்சத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, கதவைத் திறக்காதவர்கள் யார் என்று பாருங்கள்.