மாதம் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கும் பேட்டரி

கேள்வி: எங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன் 150 ஏ.எச். (ஆம்பியர் மணி) டியூபுலர் பேட்டரி வாங்கினோம். அப்போது இரண்டு மின்விசிறிகளும் மூன்று விளக்குகளும் நான்கு மணி நேரம் ஓடின. இப்போது ஒன்றரை மணி நேரத்தில் நின்றுவிடுகின்றன. சில மாதங்களாக, மாதம் ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஆசிட் நீர்த்துவிட்டது, கொஞ்சம் ஆசிட் ஊற்றலாம் என்கிறார் மெக்கானிக். ஆர்.ஓ. தண்ணீரே போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பேட்டரி மாடிப்படிக்குக் கீழே, கதவு போட்ட அலமாரியில் இருக்கிறது. என்ன செய்வது? – மதுரை வாசகி

பதில்: முதலில் அந்த அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள். அதன் பக்கத்தில் விளக்கு ஏற்றுவதோ தீக்குச்சி உரசுவதோ கூடாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கதவு இப்போதே திறக்கட்டும்.

ஆசிட் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம். பேட்டரிக்கு என்ன கோளாறு என்பதை நீங்கள் ஊற்றும் அந்த ஒரு லிட்டர் தண்ணீரே சொல்லிவிடுகிறது.

குடத்தில் தண்ணீர் நிற்பதுபோல் பேட்டரிக்குள் மின்சாரம் நிற்பதில்லை. உள்ளே இருப்பவை மூன்று பொருள்கள்: எதிர்த் தட்டில் பஞ்சு போன்ற ஈயம், நேர்த் தட்டில் கரும்பழுப்பான ஈய டை ஆக்சைடு, இரண்டுக்கும் நடுவே நீர்த்த கந்தக அமிலம். மூன்றும் சேர்ந்து ஈய சல்பேட்டாகவும் தண்ணீராகவும் மாறக் காத்திருக்கின்றன. ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கினால் வெறும் சூடுதான் மிஞ்சும். அதே வினையை இரண்டு இடங்களாகப் பிரித்து வைத்ததில்தான் பேட்டரியின் சூட்சுமம் இருக்கிறது. எதிர்த் தட்டில் உள்ள ஈய அணு சல்பேட்டாக வேண்டுமென்றால் இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட வேண்டும். நேர்த் தட்டுக்கோ இரண்டு எலக்ட்ரான்கள் வேண்டும். அமிலத்துக்குள் அயனிகள், அதாவது மின்னேற்றம் கொண்ட துகள்கள், நீந்திப் போகும், எலக்ட்ரான்கள் போகமாட்டா. அவற்றுக்குள்ள ஒரே பாதை வெளியே ஓடும் கம்பி. அந்தப் பாதையில்தான் உங்கள் மின்விசிறியை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

ஆகவே, வெளியே எத்தனை எலக்ட்ரான்கள் போயினவோ அதற்குச் சரியாக உள்ளே அணுக்கள் மாறியிருக்கும். இந்தக் கணக்கில் வட்டியும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. 1834-இல் மைக்கேல் ஃபாரடே வெளியிட்ட விதி இதுதான். 150 ஆம்பியர் மணி மின்சாரம் எடுத்தால், பேட்டரிக்குள் வரிசையாக இருக்கும் ஆறு செல்கள் என்னும் அறைகளில் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 580 கிராம் ஈயம் சல்பேட்டாகியிருக்கும். சார்ஜ் செய்யும்போது எலக்ட்ரான்களை எதிர்த்திசையில் தள்ளுகிறோம். சல்பேட் மறுபடி ஈயமாகவும் ஈய டை ஆக்சைடாகவும் ஆகிறது, அமிலமும் திரும்பி வருகிறது.

மாற வேண்டிய சல்பேட் எல்லாம் மாறித் தீர்ந்த பிறகும் சார்ஜர் தள்ளிக்கொண்டே இருந்தால்? வருகிற எலக்ட்ரான்கள் ஏதாவது ஒரு வேதிவினையை நடத்தியே ஆக வேண்டும். மிச்சமிருப்பது தண்ணீர். அது ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து, மூடித் துவாரங்கள் வழியாக வெளியேறுகிறது. நீங்கள் ஊற்றிய தண்ணீர் போன வழி இதுதான்.

இங்கே ஒரு வியப்பைச் சொல்லாமல் போக மனமில்லை. தண்ணீரைப் பிரிக்கக் கோட்பாட்டின்படி 1.23 வோல்ட் போதும். ஈய செல்லின் அழுத்தமோ 2.1 வோல்ட். நியாயமாகப் பார்த்தால் இந்த பேட்டரி சும்மா வைத்திருக்கும்போதே தன் தண்ணீரைப் பிரித்துத் தீர்த்துவிட வேண்டும். அப்படி நடக்காததற்குக் காரணம், ஈயத்தின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் உருவாவது மிக மிக மெதுவான வேலை. அந்த மந்தம் இருப்பதால்தான் கார் பேட்டரியும் இன்வெர்ட்டர் பேட்டரியும் சாத்தியமாயின. செல் ஒன்றுக்கு 2.4 வோல்ட் அளவுக்கு, அதாவது ஆறு செல்களுக்கு 14.4 வோல்ட் வரை அழுத்தினால் மந்தம் விலகிக் கொப்புளம் வேகமாகக் கிளம்பும்.

இப்போது உங்கள் ஒரு லிட்டர். ஒரு செல்லில் ஒரு கிராம் தண்ணீர் பிரிய ஏறக்குறைய 3 ஆம்பியர் மணி வேண்டும். லிட்டரை ஆறு செல்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு 167 கிராம். ஆறும் வரிசையாக இணைந்தவை, ஒரே மின்னோட்டம்தான் எல்லாவற்றிலும் போகிறது. ஆக மாதத்துக்கு 500 ஆம்பியர் மணி, நாளுக்கு 16க்கு மேல். வெயிலில் ஆவியாவதற்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், பேட்டரி நிறைந்த பிறகும் இரவு பகலாக அரை ஆம்பியருக்கு மேல் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. சரியான சார்ஜர் இதில் சிறு பங்குதான் அனுப்பும். தண்ணீரும் சில மாதங்களுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும்.

அலமாரிக்கு வருகிறேன். ஒரு லிட்டர் தண்ணீரிலிருந்து 1,300 லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் வரும். நாளுக்கு 45 லிட்டர் போல. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். ஒரு கன மீட்டர் அலமாரியில் அது வெறும் 40 லிட்டர். இடுக்குகள் வழியே பெரும்பகுதி கசிந்து போவதால்தான் இதுவரை ஒன்றும் ஆகவில்லை. பேட்டரியைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். மூடிய அலமாரியின் வெப்பமும் இந்த வினையைத் தூண்டுகிறது.

அடுத்து, எலக்ட்ரீஷியனை ஒரு மல்டிமீட்டரோடு அழைத்து இரண்டு அளவுகள் எடுக்கச் சொல்லுங்கள். முழுக்க சார்ஜ் ஆன பின், மின்சாரம் இருக்கும்போது பேட்டரி முனைகளில் 13.5 முதல் 13.8 வோல்ட் வரை இருக்க வேண்டும். 14.4-இலேயே நின்றால் குற்றவாளி சார்ஜர்தான். பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் உண்டு. அது சரியான வகையில் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். பிறகு இணைப்பைக் கழற்றி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்து அளந்தால் 12.6 அருகே காட்ட வேண்டும். 10.5 என்றால் ஒரு செல் செத்துவிட்டது, மற்ற ஐந்தும் அதன் பங்கு அழுத்தத்தையும் வாங்கிக் கொதிக்கின்றன என்று பொருள். ஆனால் அப்படியிருந்தால் மின்விசிறி ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்காது. என் சந்தேகம் சார்ஜர் மேல்தான்.

ஆசிட் ஏன் கூடாது? கொப்புளமாக வெளியேறியது தண்ணீர். கந்தக அமிலம் எங்கும் போகவில்லை. அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் அளவு குறைந்து தெரிந்தால், அமிலத்தின் சல்பேட் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலும் ஆசிட் ஊற்றினால் மீட்டரில் எண் உயரும், தட்டில் ஒட்டியது இறங்காது, தட்டைத் தாங்கும் ஈயச் சட்டகமும் விரைவில் அரிக்கப்படும். உங்கள் மெக்கானிக் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனாலும் மறுத்துவிடுங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் உப்புகள் முழுதாக நீங்குவதில்லை. இரும்பு அயனி ஒன்று மிஞ்சினால்கூட நேர்த் தட்டில் ஓர் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு, எதிர்த் தட்டுக்குப் போய் ஒன்றை வாங்கி வரும். நீங்கள் ஒரு விளக்கும் போடாமலே பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கும். குளோரைடு அந்தச் சட்டகத்தை அரிக்கும். ஏ.சி. வடிகால் தண்ணீரிலும் தூசியும் உலோகமும் கலந்திருக்கும். டிஸ்டில்டு வாட்டரே ஊற்றுங்கள். பேட்டரி நிறைந்த பிறகு, மிதவையில் குறித்த கோடு வரை மட்டும்.

இழந்த இரண்டரை மணி நேரம் முழுதாகத் திரும்பாது. மிகைச் சார்ஜில் நேர்த் தட்டின் பொருள் உதிர்ந்திருக்கும். ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சும் ஆசிட் பழுப்பாகக் கலங்கி வந்தால் அதுதான் அது. உதிர்ந்ததை எந்தச் சார்ஜரும் மறுபடி தட்டில் ஒட்டவைக்காது. சார்ஜரைச் சரிசெய்த நாளை பேட்டரி மேல் எழுதி வைத்து, அடுத்த இரண்டு மாதங்களில் எத்தனை மில்லிலிட்டர் ஊற்றினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்களை எனக்கு எழுதினால் புது பேட்டரிக்குப் பணம் சேர்க்க வேண்டுமா, இன்னும் ஓராண்டு ஓட்டலாமா என்று சொல்கிறேன்.