காற்றை எடுத்தும் பிரேக் பெடல் இறங்குவது ஏன்?

கேள்வி: அப்பா வாங்கிய 1984ஆம் ஆண்டு அம்பாசிடரை இன்றும் வைத்திருக்கிறோம். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். பேச்சிப்பாறையிலிருந்து குலசேகரத்துக்கு இறங்கி வரும்போது பெடல் பஞ்சுபோல் அமுங்குகிறது; இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கிறது. ஒரு பணிமனையில் ஏர் எடுத்து, அதாவது பிரேக் குழாய்க்குள் சேர்ந்த காற்றை வெளியேற்றிக் கொடுத்தார்கள். இருபதே நாளில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. வீட்டிலேயே நானும் மனைவியுமாக மறுபடி ஏர் எடுத்தால் சரியாகுமா?
- வாசகர், தக்கலை

பதில்: வீட்டிலேயே எடுக்கலாம். ஆனால், இருபது நாளில் திரும்பியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் காரணம் கண்டுபிடிக்காமல் ஏர் எடுப்பதில் பயனில்லை. பிரேக் ஆயில் அழுத்தத்துக்குச் சுருங்காது என்பதால்தான் காலின் விசை சக்கரம்வரை குறையாமல் போகிறது. இடையில் காற்று இருந்தால் அது சுருங்கி, மிதித்த மிதியில் பாதியைத் தானே விழுங்கிவிடும். மூடிய குழாய்க்குள் அந்தக் காற்று புகுந்திருக்கிறதென்றால், எங்கோ ஆயில் கசிகிறது, அல்லது ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கிறது.

முதலில் வண்டியை நிறுத்திவைத்தே பெடலைச் சோதித்துப் பாருங்கள். பலமுறை மிதித்ததும் பெடல் உயர்ந்து, கல்போல் கெட்டியாக நின்றால், பெரும்பாலும் சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்கும் அதில் உரசி நிறுத்தும் ஷூவுக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. ஷூவை அட்ஜஸ்ட் செய்தாலே போதும். உயர்ந்த பிறகும் பஞ்சுபோல் இருந்தால் உள்ளே காற்று உண்டு. ஒரே அழுத்தத்தில் காலை வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குமானால், வெளியே கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பெடலை மிதிக்கும்போது ஆயிலைக் குழாய்க்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் கெட்டிருக்கிறது, எத்தனை முறை ஏர் எடுத்தாலும் தீராது. டிரம்மைக் கழற்றி, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கி, உள்ளே ஈரம் கண்டால் அங்கேதான் கசிவு.

பழுதைச் சரிசெய்தபின், ஷூக்களையும் அட்ஜஸ்ட் செய்துகொண்டு ஏர் எடுங்கள். மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் பக்கம் இருப்பதால், அதற்கு மிகத் தொலைவிலுள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்று வர வேண்டும். ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றை வெளியேற்றும் திருகான நிப்பிளில் ஒரு தெளிவான குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது புதிய பிரேக் ஆயில் ஊற்றிய கண்ணாடிக் குப்பிக்குள் மூழ்கவிடுங்கள். மனைவி பெடலை மெதுவாக மிதித்து அழுத்தியபடியே இருக்க, நீங்கள் நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்து, குமிழி வெளியேறியதும் இறுக்கி, "விடு" என்று சொன்ன பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். இந்த வரிசை ஒருமுறை தவறினாலும் வெளியே போன காற்று உள்ளே திரும்பிவிடும். குமிழி நிற்கும்வரை தொடருங்கள். இடையிடையே ஆயில் தொட்டியைப் பார்த்து நிரப்புங்கள், அது வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பழைய வண்டிக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. பெடலைத் தரைவரை அமுக்க வேண்டாம். அதனடியில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள், வழக்கமாக வாஷர் எட்டாத அடிப்பகுதியில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். அதில் உரசினால் நல்ல வாஷரும் கிழியும்.

ஆயிலைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக் கூடியது. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் குமரி மாவட்டத்தில், மூடி திறந்து கிடந்த டின்னை நம்ப முடியாது. டாட் 3 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசிலும், ஈரம் ஏறியபின் 140 அளவிலும் கொதிக்கத் தொடங்குகிறது. மலையிறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அந்த ஆயில் ஆவியாகி, காற்றைப் போலவே பெடலை இறக்கிவிடும். ஆகவே வடித்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியரில் வாருங்கள். என்ஜின் ஆயிலோ மண்ணெண்ணெயோ ஒரு துளி பட்டாலும் ரப்பர் ஊதிக் கெடும் என்பதால், பாகங்களைக் கழுவவும் புதிய பிரேக் ஆயிலையே பயன்படுத்துங்கள். வேலை முடிந்ததும் கைப்பிரேக்கைச் சோதித்து, சமதளத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகே மலைச்சாலைக்குப் போக வேண்டும்.

கேள்வி: எங்கள் வீடு கடலோரம். பத்மினி காரின் நிப்பிள்கள் துருவேறித் திரும்ப மறுக்கின்றன. என்ன செய்வது?
- வாசகர், குளச்சல்

பதில்: உப்புக்காற்று செய்கிற வேலை இது. கட்டாயப்படுத்தித் திருப்பினால் நிப்பிள் ஒடிந்து, சிலிண்டரையே மாற்ற நேரும். துருவைக் கம்பித் தூரிகையால் அகற்றி, துருநீக்கும் எண்ணெயை நிப்பிளின் அடியில் மட்டும், வெளிப்புறமாக, முதல்நாள் மாலையே விடுங்கள். ரப்பரில் படக் கூடாது. மறுநாள் லேசாகத் தட்டி, அளவு பொருந்திய ரிங் ஸ்பானரால் முதலில் இறுக்கும் பக்கம் சற்றே அசைத்துவிட்டுப் பிறகு திறந்து பாருங்கள். அப்போதும் அசையாவிட்டால், புதிய வீல் சிலிண்டரைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த முயற்சியைத் தொடங்குவதே நல்லது. நிப்பிள் கழன்றுவிட்டால், ஏர் எடுத்தபின் அதன் தலையில் ரப்பர் மூடியை மறக்காமல் போடுங்கள்.